மாமியார் ஊரில் ஒரு மனை: வெளிநாட்டு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் ராமநாதபுரம் கடற்கரையில் பெண் எடுத்தவர்கள், அங்கே பிறந்து வெளிநாட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள் எனப் பலரும் இந்த இதழுக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஊரோடு ஒட்டி ஒரு வீடு கட்ட வேண்டும், விடுமுறைக்கு வந்து தங்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். கேள்விகளைச் சுருக்கி, பதில்களைக் கீழே தருகிறோம்.

கேள்வி: நான் மலேசியக் குடிமகன். மனைவி தொண்டிப் பக்கம். அவரிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது. என்னோடு ஷா ஆலமில் வசிக்கிறார். திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மாமியார் வீட்டுக்குப் பக்கத்தில் பத்து சென்ட் விலைக்கு வருகிறது. என் பெயரில் வாங்கலாமா?

உங்கள் பெயரில் மட்டும் என்றால் முடியாது. மனைவியோடு சேர்ந்து கூட்டாக வாங்கலாம். ஃபெமா என்று சொல்லப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2019-ல் வந்த விதிகள் இதற்கு இடம் தருகின்றன. வெளிநாட்டில் வாழும் இந்தியரையோ (என்.ஆர்.ஐ.), ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினர், இந்தியரை மணந்தவர் போன்ற வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) உள்ளவரையோ மணந்த வெளிநாட்டவர், தம் துணையோடு சேர்ந்து ஒரே ஒரு சொத்து வாங்கலாம். திருமணம் பதிவாகியிருக்க வேண்டும். வாங்கும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகளாவது மண வாழ்க்கை நடந்திருக்க வேண்டும். உங்களுக்கு மூன்று ஆண்டு ஆகிவிட்டது, பதிவுச் சான்று மட்டும் கையில் இருக்கட்டும்.

இதில் பலரும் தவறவிடும் ஒரு நிபந்தனை உண்டு. இந்த விதி, மனைவியும் வெளிநாட்டில் வாழ்ந்தால்தான் பொருந்தும். அவர் தொண்டியிலேயே இருந்து, நீங்கள் மட்டும் வந்து போகிறவர் என்றால் இந்த வழி கிடையாது. அப்போது நீங்கள் ஓ.சி.ஐ. அட்டை எடுத்துக்கொள்வதே நேர்வழி. இந்தியக் குடிமகளை மணந்தவர் என்ற வகையிலும் அதற்கு விண்ணப்பிக்கலாம். அங்கேயும் பதிவுத் திருமணமும் இரண்டு ஆண்டும் கேட்பார்கள். அட்டை வந்துவிட்டால் தனியாகவும் வாங்கலாம், ஒன்றுக்கு மேலும் வாங்கலாம். இரண்டாவது மனை வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் அட்டையை எடுத்துவிடுங்கள்.

பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேரடியாக அனுப்பலாம், அல்லது வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கென்று வங்கிகளில் உள்ள என்.ஆர்.ஈ., என்.ஆர்.ஓ. கணக்கு மனைவிக்கு இருந்தால் அதிலிருந்து கொடுக்கலாம். ரிங்கிட் நோட்டாகக் கொண்டுவந்து கையில் கொடுப்பது விதிமீறல். இந்தியாவுக்குள்ளும், நிலத்துக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற நிலத்துக்காரருக்கு அதே அளவு தொகை வருமான வரித் துறையின் அபராதமாக வரும். "அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுங்கள், சார்" என்று புரோக்கர் சொன்னால் இதை நிலத்துக்காரரிடமே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அவரே வங்கிக் கணக்கு எண்ணைத் தந்துவிடுவார்.

அதைவிட முக்கியம், அந்தப் பத்து சென்ட் எந்த வகை நிலம் என்பது. என்.ஆர்.ஐ.யோ ஓ.சி.ஐ.யோ, விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்க முடியாது. கணினிப் பட்டாவில் "புன்செய்" என்ற பத்தியின் கீழ் அளவு எழுதியிருந்தால், நேரில் வெறும் மணலாகத் தெரிந்தாலும் அது ஏட்டில் விவசாய நிலம்தான். கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கான இடத்தில், அமைந்த மனை, அல்லது நில உபயோக மாற்ற ஆணையும் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதலும் உள்ள மனைப்பிரிவு என்றால் தாராளமாக வாங்கலாம். உங்கள் மாமியார் வீடு ஊருக்குள் இருப்பதால் பக்கத்து இடமும் நத்தமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். நத்தம் பட்டா நகலை வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பேச்சைத் தொடங்குங்கள்.

சார் பதிவாளர் அலுவலகத்தில் இவை எல்லாவற்றையும் யாரும் அலசிப் பார்ப்பதில்லை. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் வாங்கியது செல்லும் என்று எண்ணிவிட வேண்டாம். பதிவான பத்திரத்தை வைத்துக்கொண்டே ஃபெமா விதிமீறலுக்குப் பதில் சொல்ல நேரும்.

கேள்வி: ஏர்வாடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு. நான் சிங்கப்பூர்க் குடியுரிமை, ஓ.சி.ஐ. உண்டு. தோப்பு வாங்க முடியாது என்கிறார்கள். மச்சான் பெயரில் வாங்கிப் போட்டுவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம். உங்கள் பணத்தில் மச்சான் பெயரில் வாங்குவது பினாமி. 2016-ல் திருத்தப்பட்ட பினாமிச் சட்டத்தில் கணவன், மனைவி, பிள்ளைகள் பெயரில் கணக்கு காட்டக்கூடிய பணத்தில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. மனைவியின் சகோதரருக்கும் மாமனார் மாமியாருக்கும் அந்த விலக்கு இல்லை. பிடிபட்டால் நிலம் அரசுக்குப் போய்விடும். ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் கால் பங்கு வரை அபராதம். பணம் கொடுத்தவர், பெயர் கொடுத்தவர் இருவருக்குமே தண்டனை. நாளைக்கு மச்சானுக்கே மனம் மாறினாலும், "பணம் என்னுடையது" என்று நீங்கள் வழக்குப் போடவும் முடியாது. தங்கையின் வீட்டுக்காரர் கேட்டாரே என்று தலையாட்டிய ஒருவரை இந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

"பிறகு மாற்றிக்கொள்வது" என்பதும் நடக்காது. விவசாய நிலத்தை உங்களுக்கு அவர் தானமாகக்கூட எழுதிவைக்க முடியாது. வாரிசுரிமையாக வந்தால் மட்டுமே தோப்பு உங்கள் பெயருக்கு வரலாம். அதே ஊரில் நத்தத்தில் ஒரு பழைய வீடு வாங்கி, அதைச் சுற்றி நாலு தென்னை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் இலங்கைக் குடிமகன். நான் மண்டபத்தைச் சேர்ந்தவள், மண்டபத்திலேயே இருக்கிறேன். இருவர் பெயரிலும் மனை வாங்க நினைக்கிறோம்.

இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், சீனா, நேபாளம் உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்கள், ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் நிலம் வாங்க முடியாது. ஐந்து ஆண்டுகளுக்கு மிகாத குத்தகைக்கு மட்டும் தடை இல்லை. ஓ.சி.ஐ. அட்டை உள்ளவருக்கு இந்தத் தடையே பொருந்தாது. ஆகவே இப்போதைக்கு உங்கள் பெயரில் மட்டும் வாங்குங்கள், கணவருக்கு அட்டை வந்தபின் அவரைச் சேர்ப்பது பற்றி யோசிக்கலாம். கணக்கெல்லாம் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டை வைத்துத்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது கனடாக் குடியுரிமை பெற்றவர் இந்தத் தடைப் பட்டியலில் வரமாட்டார், பொது விதிகள்தாம் அவருக்கு.

கேள்வி: தேவிபட்டினத்துக்கு வடக்கே கடலிலிருந்து 300 மீட்டரில் மனைகள் விற்கிறார்கள். "சி.ஆர்.இசட். தாண்டியாச்சு, பயமில்லை" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

சி.ஆர்.இசட். என்பது, மத்திய அரசின் அறிவிக்கைகள்படி கடற்கரையில் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம். விற்பவர் சொல்வதை இரண்டு காரணங்களால் நம்பக் கூடாது. முதலாவது, தூரம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பது. அலை அடிக்கும் இடத்திலிருந்து டேப் பிடித்து அளப்பதில்லை. பௌர்ணமி, அமாவாசைப் பெருக்கில் கடல் ஏறி வரும் உச்ச ஓதக் கோட்டிலிருந்து அளக்கிறார்கள். பாக் நீரிணைப் பக்கம், அதாவது தேவிபட்டினம், தொண்டி வரிசையில், கரை மிகத் தட்டையானது. ஓதம் ஏறும்போது கோடு நீங்கள் நினைப்பதைவிட வெகுதூரம் உள்ளே இருக்கும். தெற்கே ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் மணல்மேடு இருப்பதால் கோடு சற்றுத் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த மணல்மேடே பாதுகாக்கப்பட்டது. அதைச் சமன் செய்து மனை போட்டிருந்தால் அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, கழிகளும் ஓடைகளும். இதைத்தான் விற்பவர்கள் சொல்ல மறந்துவிடுவார்கள். கடல் நீர் ஏறி இறங்கும் எந்த ஓடையின் கரையும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் சேரும். கோடையில் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு இருக்கும் இடம் வரைக்கும் ஓதத்தின் எல்லை என்று கொள்வார்கள். ஓடையின் அகலத்தையோ, 2011 அறிவிக்கையின்படி 100 மீட்டரையோ, எது குறைவோ அதை விட வேண்டும். 2019 அறிவிக்கையில் அந்த 100 என்பது 50 ஆகியிருக்கிறது. ஆகவே கடலிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மனைகூட, பின்னால் ஓடும் கழியால் மண்டலத்துக்குள் வந்துவிடலாம். காரங்காடு போல அலையாத்திக் காடு இருக்கும் இடங்களில் கட்டுப்பாடு இன்னும் கடுமை.

கிராமப்புறக் கடற்கரையில் உச்ச ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புது வீடு கூடாது என்பது அடிப்படை விதி. 2019 அறிவிக்கை இதை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் நெருக்கம் உள்ள ஊர்களில் 50 மீட்டர், மற்ற ஊர்களில் 200 மீட்டர். ஆனால் அந்தச் சலுகை, புதிய அறிவிக்கைக்கான வரைபடம் ஒப்புதல் பெற்ற இடத்தில்தான் செல்லும். உங்கள் ஊருக்கு எந்த வரைபடம் நடைமுறையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 200 முதல் 500 மீட்டர் வரை உள்ள பகுதியிலும் 9 மீட்டர் உயரத்துக்குள் இரண்டு தளம் மட்டுமே. அதிலும் 2011 அறிவிக்கை, அந்த ஊரின் பாரம்பரிய உரிமைக்கும் வழக்கத்துக்கும் உட்பட்ட வீடுகளையே குறிப்பிடுகிறது. வெளியூரார் கட்டும் விடுமுறை வீட்டுக்கு அங்கே கேள்வி எழும்.

செய்ய வேண்டியது இதுதான். சர்வே எண், உட்பிரிவு எண்ணோடு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். கிராம வரைபடத்தின் மேல் கோடு போட்ட 1:4000 அளவுப் படத்தில் உங்கள் சர்வே எண் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். பெரிய பரப்பைச் சுருக்கிக் காட்டும் படத்தில் ஒரு பேனா முனையின் தடிமனே ஐம்பது மீட்டரை விழுங்கிவிடும். டி.டி.சி.பி. ஒப்புதல் இருந்தாலும் இந்தக் கேள்வியை விடாதீர்கள். தெளிவு கிடைக்கும்வரை அட்வான்ஸ் வேண்டாம்.

நிலத்துக்கும் கடலுக்கும் இடையே வலை உலர்த்தும் இடமோ, படகு ஏற்றும் துறையோ, கருவாடு காயவைக்கும் களமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏட்டில் அது புறம்போக்கு என்றாலும் ஊராருக்கு அது பிழைப்பு. அதை வளைத்து வேலி போட்டுவிட்டு, உங்கள் மனைவியின் உறவுக்காரர்கள் அதே ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

கேள்வி: கீழக்கரை அருகே ஒரு மனை பிடித்திருக்கிறது. பட்டாவில் ஏழு பேர் பெயர் இருக்கிறது. விற்பவர் அதில் ஒருவர். "என் பாகம் பிரிச்சாச்சு" என்கிறார். என்னென்ன பார்க்க வேண்டும்?

கூட்டுப் பட்டாவில் ஒருவர் கையெழுத்து மட்டும் போதாது. "பிரிச்சாச்சு" என்றால் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் எங்கே என்று கேளுங்கள். அது இல்லையென்றால் ஏழு பேரும், அவர்களில் இறந்தவர் இருந்தால் அவருடைய வாரிசுகள் எல்லோரும், கையெழுத்திட வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றில் பெண் மக்கள் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று கூர்ந்து பாருங்கள். இந்தக் கரையில் வழக்குகள் அங்கேதான் பிறக்கின்றன. இந்துக் குடும்பத்தில் மகளுக்குச் சம பங்கு. முஸ்லிம் குடும்பத்தில் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் ஷரீஅத் வகுத்த பங்கு. பிள்ளைகளோடு இறந்தவரின் மனைவிக்கு எட்டில் ஒன்று. "அக்காவுக்குச் சீர் செஞ்சாச்சு, அவங்க கேக்கமாட்டாங்க" என்பது பேச்சு. அக்காவின் விடுதலைப் பத்திரம்தான் சாட்சி.

பட்டாவை இப்படிப் படியுங்கள். அளவு, ஹெக்டேர் ஒரு பக்கமும் ஏர் ஒரு பக்கமுமாக "0 – 4.05" என்பதுபோல் இருக்கும். 4.05 ஏர் என்றால் 405 சதுர மீட்டர், ஏறக்குறைய 10 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தில் 12 சென்ட் என்றும் பட்டாவில் 4.05 ஏர் என்றும் இருந்தால் இரண்டு சென்ட் காற்றில் இருக்கிறது என்று பொருள். குறைந்த அளவுக்கே விலை பேசுங்கள். அடுத்தது புலப்படம். அதில் உங்கள் உட்பிரிவின் ஒவ்வொரு பக்க நீளமும் மீட்டரில் எழுதியிருக்கும். அந்த அளவுகளை எழுதிக்கொண்டு உரிமம் பெற்ற நில அளவரோடு போய், மூலைக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். மணல் நகரும் கரை இது. கல் புதைந்தோ பிடுங்கப்பட்டோ போயிருந்தால், பக்கத்துச் சர்வே எண்ணின் நிலையான கல்லிலிருந்து அளந்து வர வேண்டும். உட்பிரிவு இன்னும் ஆகவில்லையென்றால் விற்பவர் செலவிலேயே அளந்து, உட்பிரிவு எண் வாங்கியபின் கிரையம் செய்வது நல்லது.

பிறகு அ-பதிவேடு. நிலம் ரயத்துவாரியா (அரசுக்கு நேரடியாக வரி கட்டும் தனியார் பட்டா நிலம்), புறம்போக்கா, தரிசா என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும். இந்த மாவட்டத்தின் பெரும்பகுதி முன்பு ராமநாதபுரம் சமஸ்தானமாக இருந்து, 1948-ன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அரசு வசமாகி ரயத்துவாரிக்கு மாறியது. அதனால் "சமஸ்தானத்தில் தாத்தா வாங்கினது" என்று பழைய ஓலையோ பத்திரமோ மட்டும் காட்டினால் போதாது. ஒழிப்புக்குப் பிறகு யார் பெயரில் பட்டா தரப்பட்டது என்பதிலிருந்து இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். கோயில், வக்ஃபு நிலங்களும் இங்கே நிறைய. அறநிலையத் துறைப் பட்டியலிலும் வக்ஃபு வாரியப் பட்டியலிலும் அந்தச் சர்வே எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பதிவே நடக்காது. அரசு ஏழைகளுக்கு ஒப்படைத்த வீட்டுமனைப் பட்டா என்றால் விற்பதற்கு நிபந்தனை இருக்கும்; ஒப்படை ஆணையின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

வில்லங்கச் சான்றை 1975 முதல் இன்றுவரை எடுங்கள். பெரும்பாலான ஊர்களுக்கு அது பதிவுத் துறை இணையதளத்திலேயே கிடைக்கும். ஆனால் பதிவாகாத அடமானம், கையெழுத்து ஒப்பந்தம், நடக்கும் வழக்கு எதுவும் வில்லங்கத்தில் வராது. தாய்ப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். "தொலைஞ்சுபோச்சு" என்றால் அது எங்காவது அடமானத்தில் இருக்கலாம். காவல் நிலையப் புகார், தொலைந்ததற்கான சான்று, நாளிதழ் விளம்பரம் மூன்றும் கேளுங்கள்.

அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு என்றால் 20.10.2016-க்கு முன் அந்த மனை பதிவாகியிருக்கிறதா, வரன்முறைப்படுத்திய ஆணை இருக்கிறதா என்று பாருங்கள். புது மனைப்பிரிவில், எட்டு மனைக்கு மேலோ 500 சதுர மீட்டருக்கு மேலோ இருந்தால் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் வேண்டும்.

இன்னொன்று, அந்த ஏழு பேரில் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருப்பவர் உண்டா? உண்டென்றால் அவருடைய பங்குக்கு நீங்கள் வரி பிடித்துக் கட்ட வேண்டும். உள்ளூர்க்காரரிடம் வாங்கும்போது 50 லட்சத்துக்குக் கீழ் பிடித்தம் இல்லை. அதற்கு மேல் 1 சதவீதம். விற்பவர் என்.ஆர்.ஐ. என்றால் அந்த வரம்பே கிடையாது, விகிதமும் மிக அதிகம். பிடிக்காமல் விட்டால் வரித் துறை வாங்கியவரைத்தான் கேட்கும். பத்திரத்துக்கு முன்பே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

செலவுக் கணக்கு எளிது. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, கொடுத்த விலை இரண்டில் எது அதிகமோ அதற்கு. 15 லட்சம் மனைக்கு 1,35,000 ரூபாய். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. கிரைய ஒப்பந்தம் போட்டால் அதையும் பதிவு செய்தாக வேண்டும். இருபது ரூபாய்த் தாளில் எழுதிப் பெட்டியில் வைத்தால், தகராறு வரும் நாளில் அதை வைத்து நிலத்தைக் கேட்பது சிக்கலாகும்.

கேள்வி: நிலம் எல்லாம் சரியாக இருக்கிறது. தண்ணீர் மட்டும் உப்பா, நல்லதா என்று எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது?

இதை அட்வான்ஸுக்கு முன் கேட்டதற்கு நன்றி. வீட்டைக் கட்டி முடித்தபின் கேட்பவர்களே அதிகம்.

கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் மழையால் ஊறி, உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் இலேசானது, உப்புத் தண்ணீர் கனமானது; அதனால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அடியில் சுமார் நாற்பது அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. இதன் மறுபக்கத்தைப் பாருங்கள்: மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், அடியிலிருந்து உப்புத் தண்ணீர் பல அடி ஏறிவரும். ஒருமுறை ஏறிவிட்டால் ஒரு மழைக்காலத்தில் இறங்காது. ஊரில் பெண்கள் ஊற்றில் சிரட்டையால் கோரிக் கோரிக் குடம் நிரப்புவது, அந்த மெல்லிய நல்ல தண்ணீரைக் கலக்காமல் எடுக்கும் முறை.

ஆகவே ஆழ்துளைக் கிணறு பற்றிய பேச்சையே விடுங்கள். சட்டமும் அதையே சொல்கிறது. உச்ச ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ளூர் மக்கள் தங்கள் தேவைக்கு எடுப்பதைத் தவிர நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது. 200 முதல் 500 மீட்டர் வரை, வேறு நீர் இல்லாத நிலையில், சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைக்கலாம்.

சோதனைக்கு ஆவணி மாதம் போங்கள். கோடை முழுக்க வற்றி, வடகிழக்குப் பருவமழை தொடங்காத அந்த நேரத்தில்தான் தண்ணீர் மிக மோசமாக இருக்கும். தை மாதத்தில் எடுத்துக் காட்டும் தண்ணீர் எல்லா இடத்திலும் இனிக்கும். பக்கத்து வீட்டுக் கிணறுகள் மூன்று நான்கில் மாதிரி எடுங்கள். அரை மணி நேரம் இறைத்தபின் எடுக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும், கையில் பிடிக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க நல்லது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. அதற்கு மேலே போனால் குளிக்கவும் கழுவவும்தான். கட்டுமானத்துக்குத் தனிக் கணக்கு உண்டு: கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இதை மீட்டர் காட்டாது, ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரிலும் கடல் மணலிலும் கட்டிய வீட்டில் சில ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்து, உப்பிப் பருத்து, கூரைப் பூச்சைத் தள்ளிவிடும். தண்ணீரை லாரியில் வாங்கியாவது நல்ல தண்ணீரில் கட்டுங்கள். கடலோரத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்வது குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும். கொத்தனார் வழக்கமாக விடும் 20, 25 இங்கே போதாது.

குடிநீருக்கு மழையை நம்பலாம். மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில், வீணாவது போக, 60 ஆயிரம் லிட்டர் அளவுக்குச் சேரும். நான்கு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டி கட்டினால் 20 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 50 லிட்டர் என்றால் ஓராண்டைத் தாண்டும். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். மாடியில் படிந்த உப்பும் தூசியும் அதில் போய்விடும்.

அதே நிலத்தைக் கார்த்திகையிலும் ஒருமுறை பாருங்கள். வடகிழக்கு மழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் இடங்கள் ஆவணியில் விளையாட்டு மைதானம்போல் இருக்கும். உங்களால் வர முடியாவிட்டால், மழை விட்ட மறுநாள் காலை மச்சினனை அனுப்பி, நான்கு மூலையிலும் நின்று வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பதிவுக்கு எங்களால் வர முடியாது. மாமனாருக்குப் பவர் கொடுத்தால் போதுமா?

போதும். ஆனால் அந்த ஒரு வேலைக்கு மட்டுமான பவராக எழுதுங்கள். சர்வே எண், உட்பிரிவு, அளவு, அதிகபட்ச விலை எல்லாம் குறிப்பிட்டு, வாங்கவும் பட்டா மாற்றவும் மட்டும் அதிகாரம் கொடுங்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் அதில் எதுவும் இருக்கக் கூடாது. மாமனார் மேல் உள்ள மரியாதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவருக்கு உடல்நலம் சரியில்லாத நாளில் வேறு யாரும் அந்தத் தாளைப் பயன்படுத்தாமல் இருக்கத்தான்.

இந்தியத் தூதரகத்திலோ, நோட்டரி முன்பும் அப்போஸ்டில் முத்திரையோடுமோ (ஆவணம் உண்மையானது என்று அந்நாட்டு அரசு தரும் சான்று) கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுவே சாட்சி.

கேள்வி: நான் கீழக்கரை. கல்யாணமாகி லண்டனில் பிரிட்டிஷ் குடியுரிமை, ஓ.சி.ஐ. உண்டு. எங்கள் வழக்கப்படி வாப்பா எனக்கு வீடு எழுதித் தருகிறார். வெளிநாட்டுக் குடியுரிமை தடையாகுமா?

ஆகாது. உறவினரிடமிருந்து வீடோ மனையோ தானமாகப் பெற ஓ.சி.ஐ. அட்டை உள்ளவருக்கு உரிமை உண்டு. விவசாய நிலமும் தோப்பும் மட்டும் சேராது. வீட்டோடு ஒட்டிய தோப்பு தனிச் சர்வே எண்ணில் இருந்தால் அதைப் பத்திரத்தில் கலக்காதீர்கள். வாய்மொழி ஹிபாவும் (இஸ்லாமிய முறைத் தானம்) செல்லும் என்பார்கள். உண்மைதான், ஆனால் பட்டா மாற்றவும் பிற்காலத்தில் விற்கவும் பதிவான தானசெட்டில்மென்ட் இருப்பதே நிம்மதி. தந்தை மகளுக்கு எழுதும்போது முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. மருமகன் பெயரையும் சேர்த்தால் இந்தச் சலுகை சிக்கலாகும். மகள் பெயரில் மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் இருக்கிறேன், இந்தியக் குடிமகன். மனைவி யாழ்ப்பாணம், இலங்கைக் குடியுரிமை. அங்கே அவருடைய பெற்றோர் வீட்டருகே இரண்டு பரப்புக் காணி வாங்க ஆசை.

உங்கள் பெயரில் வாங்க வழியில்லை. இலங்கையின் 2014-ம் ஆண்டு 38-ம் எண் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது. 99 ஆண்டு வரை குத்தகைக்கு எடுக்கலாம். மனைவி பெயரில் உறுதி (கிரையப் பத்திரம்) முடிப்பதே சரியான வழி. அவர் இலங்கைக் குடியுரிமையை விட்டுவிடாமல் இருக்கும்வரை தடை எதுவும் இல்லை.

வடக்கில் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைச் சட்டம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்கும்போது, மற்றக் கூட்டுச் சொந்தக்காரர்களுக்கும் வாரிசுகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்திருக்கிறார்களா என்று, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் (நோட்டரி) கேளுங்கள். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால் கணவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். இரண்டு பரப்பு என்பது ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு, நம் கணக்கில் பன்னிரண்டரை சென்ட்.

பணத்தை வங்கி வழியாக, ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பண அனுப்பும் திட்டத்தில், நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஆண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி வசூலித்து வைக்கும். அது செலவல்ல, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அந்தத் தொகை உங்கள் கையில் இருக்காது. காணிக்கு வைத்த பணத்தோடு இதையும் சேர்த்து எடுத்துவையுங்கள்.